மஞ்சளா, பச்சையா: மக்லவுட் குலத்தின் இரண்டு டார்டன்கள்

மக்லவுட் என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கில்ட் (ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை) தைக்கும் கடைக்குப் போனால் இரண்டு டார்டன்களை, அதாவது கட்டம் போட்ட கம்பளித் துணிகளை, எடுத்துப் போடுவார்கள். ஒன்று பளீரென்ற மஞ்சள். அதன் மேல் தடித்த கறுப்புப் பட்டைகள், நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. மற்றது கரும்பச்சை, கருநீலம், கறுப்பு கலந்த கட்டம். அதில் மஞ்சள் கோடும் சிவப்புக் கோடும் மாறி மாறி ஓடும். மஞ்சளுக்கு 'மக்லவுட் ஆஃப் லூயிஸ்' என்று பெயர். பச்சைக்கு 'மக்லவுட் ஆஃப் ஹாரிஸ்'. விசேஷத்துக்கு மஞ்சள், வெளியில் நடமாடப் பச்சை என்ற கணக்கில் 'டிரெஸ்', 'ஹண்டிங்' என்றும் சொல்வார்கள்.

இந்த இரண்டில் எதை எடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பச்சை. ஏன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள தீவுகளில் வேர் விட்ட குலம் மக்லவுட். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லியோட் என்பவரிலிருந்து கிளைத்ததாகச் சொல்கிறார்கள். அந்த வம்சம் இரண்டு வழிகளாகப் பிரிந்தது. டோர்மோட் வழியினர் ஹாரிஸையும் ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையையும் வைத்திருந்தார்கள். டோர்குயில் வழியினர் லூயிஸை ஆண்டார்கள். அவர்களுடைய ஒரு கிளை ராசே தீவில் இருந்தது. சரி, ஒரு வழிக்குப் பச்சை, இன்னொரு வழிக்கு மஞ்சள் என்று அந்தக் காலத்திலேயே பிரித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். அது அப்படி இல்லை.

டன்வேகன் கோட்டையில் ஆலன் ராம்சே வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. 1747 வாக்கில் வரைந்தது. அதில் நிற்பவர் குலத்தின் 22ஆம் தலைவர் நார்மன் மக்லவுட். தோளில் போட்டிருக்கும் துணியும் காலைப் பிடிக்கும் உடையும் டார்டன்தான். ஆனால் நிறம்? சிவப்பும் கறுப்பும்! குலத்தின் தலைவரே இன்றைய இரண்டு மக்லவுட் டார்டன்களில் எதையும் உடுத்தவில்லை. இந்த ஓவியத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு குலத்துக்கும் ஆதியிலிருந்தே ஒரு கட்டம் உண்டு என்ற பேச்சை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நெசவாளி கையில் இருந்த சாயம், உடுத்துபவரின் விருப்பம், அந்த வட்டார வழக்கம், இவைதான் அன்று கட்டத்தைத் தீர்மானித்தன.

பச்சை எங்கிருந்து வந்தது? அதன் அடித்தளம் 'பிளாக் வாட்ச்' என்ற படைத்துணி. ஹைலேண்டு மலைப்பகுதியைக் காவல் காக்க அரசு திரட்டிய கம்பெனிகள் 1739இல் ஒரு ரெஜிமெண்டாக ஆயின. அவர்கள் உடுத்திய கரும்பச்சை, கருநீலம், கறுப்புக் கட்டம்தான் அது. அரியணை இழந்த ஸ்டுவர்ட் வம்சத்துக்காக 1745இல் இளவரசர் சார்லஸ் தலைமையில் கிளர்ச்சி செய்தவர்கள் ஜேக்கபைட்கள். 1746 ஏப்ரலில் கலோடன் போரில் அவர்கள் படை தோற்ற பிறகு, ஆண்கள் ஹைலேண்டு உடை அணியத் தடை வந்தது. 1747 ஆகஸ்ட் முதல் 1782 வரை அந்தத் தடை நீடித்தது. படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் அந்த 35 ஆண்டுகள் ஆண்களின் டார்டன் பெரும்பாலும் உயிரோடு இருந்தது ராணுவ உடையில்தான். பின்னால் வந்த பல குல டார்டன்கள் பிளாக் வாட்ச் மேல் ஒரு கோடு, இரண்டு கோடு சேர்த்தவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மஞ்சள் கோடு ஒன்று சேர்த்தால் கார்டன் குலத்தின் துணி. வெள்ளையும் சிவப்பும் சேர்த்தால் மெக்கன்சி குலத்தின் துணி.

அந்த மெக்கன்சி துணிதான் மக்லவுட் பச்சையின் தாய். ஜான் மெக்கன்சி என்பவருக்கு 'லார்டு மக்லவுட்' என்ற பட்டம் இருந்தது. 1745 கிளர்ச்சியில் சேர்ந்து, பிடிபட்டு, மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் படையில் வேலை பார்த்துத் திரும்பியவர். 1777இல் அவர் திரட்டிய படைக்கு 'மக்லவுட் ஹைலேண்டர்கள்' என்று பெயர். பிளாக் வாட்ச் மேல் கோடுகள் சேர்த்து அவர்களுக்கு உடை. அந்தப் படை 1780இன் தொடக்கத்தில் வந்து இறங்கிய இடம் மதராஸ். அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்புவின் படைகளிடம் அதன் இரண்டு கம்பெனிகள் சிதைந்தன. பிழைத்தவர்களில் டேவிட் பெயர்ட் என்ற அதிகாரி போன்றோர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். புள்ளலூர்ப் போரைப் பற்றிப் படித்த நம்மில் எத்தனை பேருக்கு ஒரு டார்டனின் கதையும் அங்கே ஓடுகிறது என்று தெரியும்?

மெக்கன்சியின் வெள்ளைக் கோட்டுக்குப் பதில் மஞ்சள் வைத்தால் மக்லவுட் ஆஃப் ஹாரிஸ். அது இன்னொரு குலத்திடம் வாங்கிய கட்டம் என்பது உண்மைதான். ஆனாலும் டன்வேகன் வழிக்கு அது பொருந்துகிறது. 1745இல் டன்வேகன் தலைவர் அரசின் பக்கம் நின்றார். அவருக்குப் பின் வந்த 23ஆம் தலைவர் பிளாக் வாட்சின் இரண்டாம் பட்டாளத்துக்கே தலைமை ஏற்று, 1782இல் கேரளத்தின் பொன்னானியில் திப்புவை எதிர்த்துப் போரிட்டார். அந்த வீட்டுக்கும் அந்தப் பச்சைக்கும் நிஜமான உறவு இருக்கிறது.

இப்போது மஞ்சளைப் பார்ப்போம். அதன் பிறப்பு தறியில் இல்லை, ஒரு புத்தகத்தில். ஆலன் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் இருவர், தங்களை ஸ்டுவர்ட் அரச வம்சத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டு, சோபியெஸ்கி ஸ்டுவர்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். குல டார்டன்களை விவரிக்கும் பழைய கையெழுத்துப் பிரதி தங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள். 1829இல் இது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் காதுக்கு எட்டியது. மஞ்சள் பரப்பில் மூன்று கறுப்புக் கோடுகள் கொண்ட மக்லவுட் டார்டனை வியந்து அவருக்குக் கடிதமே வந்தது. ஸ்காட் அந்தப் பிரதியை நம்பவில்லை. இருந்தும் 1842இல் 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்ற பெயரில் அது அச்சேறியது. 75 டார்டன்கள், வண்ணப் படங்களோடு. மூலப் பிரதி என்பது கட்டுக்கதை என்று பின்னால் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குள் குலங்கள் அந்தத் துணிகளை உடுத்தத் தொடங்கிவிட்டன.

பொய்யிலிருந்து பிறந்தது என்பதால் மஞ்சளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 180 ஆண்டுகளாக அதைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்தவர்கள் இருக்கிறார்கள்; தாத்தாவின் கில்ட்டைப் பேரன் உடுத்துகிறான். 'லவுட் மக்லவுட்', அதாவது 'சத்தம் போடும் மக்லவுட்' என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு. ராசே, லூயிஸ் வழி வந்தவர் மஞ்சளைக் கேட்டால் தடுக்க மாட்டேன். டன்வேகனின் பச்சை அவர்களுக்கு ஒட்டாமல் போகலாம். 1745இல் ராசேக்காரர்கள் இளவரசர் சார்லஸ் பக்கம் நின்றவர்கள்.

கில்ட் ஒன்றுக்கு ஒற்றை அகலத் துணி சுமார் எட்டு கெஜம் போகும். அத்தனை மஞ்சள் ஒரே உடம்பில் இருந்தால் முகம் பின்னால் போய்விடுகிறது. ஆகவே கில்ட்டுக்குப் பச்சை. மஞ்சளைக் கழுத்துப்பட்டைக்கோ சால்வைக்கோ வைத்துக்கொள்ளலாம். அங்கே அது அழகு.

சாயத்தையும் கவனிக்க வேண்டும். 'மாடர்ன்' என்றால் அடர் நிறம். 'ஏன்ஷியன்ட்' என்றால் பழைய தாவரச் சாயத்தைப் போல வெளிறிய நிறம். 'வெதர்டு' என்றால் மண்ணில் கிடந்து மங்கியது போலப் பழுப்பேறியது. நூல் வரிசை மூன்றிலும் ஒன்றுதான். 'ஏன்ஷியன்ட்' என்ற பெயரைப் பார்த்து அதுதான் பழைய துணி என்று நினைத்துவிட வேண்டாம். ஹாரிஸ் பச்சைக்கு நான் ஏன்ஷியன்ட்டையே எடுப்பேன். மாடர்னில் கருநீலமும் கறுப்பும் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. மஞ்சள், சிவப்புக் கோடுகள் மட்டும் தனியே நிற்கின்றன.

மக்லவுட் அல்லாதவர் உடுத்தலாமா? சட்டத்தில் தடை ஏதும் இல்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் டார்டனை மட்டும் வழக்கப்படி யாரும் தொடுவதில்லை. எந்தக் குலமும் இல்லாதவர்களுக்குப் பிளாக் வாட்சே போதும். புதுக் கட்டம் வரைந்து பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு 2009இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேடு இருக்கிறது.

லூயிஸ் தீவுக்காரர்களிடம் எனக்கு ஒரு தனி யோசனை உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தீவு மக்லவுட்களிடமிருந்து மெக்கன்சிகள் கைக்குப் போனது. நம் கல்வெட்டுகளையும் ஓலைச்சுவடிகளையும் ஊர் ஊராகத் திரட்டிய காலின் மெக்கன்சி 1754இல் பிறந்தது அங்குள்ள ஸ்டோர்னோவேயில்தான். அந்த ஊரில் வேர் உள்ளவர் மஞ்சளைக் கையில் எடுக்கும் முன், வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் போட்ட மெக்கன்சி துணியையும் ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும்.