வைஃபை வராத பழைய மடிக்கணினி: கேபிளா, கைப்பேசியா, டாங்கிளா?

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவிய பழைய மடிக்கணினியின் நிலைமையும் அதுதான். டிரைவர், அதாவது வைஃபை கார்டு போன்ற பாகங்களை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள், போட்டால் இணையம் வரும். இணையம் வந்தால்தான் டிரைவரை இறக்க முடியும். இந்த வட்டத்தை உடைக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மடிக்கணினியில் முயன்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எது சிறந்த வழி என்பது எது பழுது என்பதைப் பொறுத்தது.

அதனால் முதலில் ஒரு சோதனை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று நின்றால் டிரைவர் இல்லை. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் தெரிந்து, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம், பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். பெயர் தெரிந்தும் சேர மறுத்தால், ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பு டபிள்யூபிஏ3-இல் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்; 2-உம் 3-உம் கலந்த நிலைக்கு மாற்றினால் போதும். மடிக்கணினியின் விளிம்பில் ஒளிந்திருக்கும் வைஃபை சுவிட்சைத் தள்ளிப் பார்க்காமல் ஒரு மாலையை வீணடித்தவர்களில் நானும் ஒருவன்.

டிரைவர்தான் இல்லை என்று உறுதியானால், லேன் கேபிளும் கைப்பேசியும் நேரடிப் போட்டியாளர்கள். கேபிள் மாட்டினால் பெரும்பாலும் உடனே வேலை செய்யும், கடவுச்சொல் தொல்லையும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நிறுவல் வட்டுக்கு, அது தயாரான நாளுக்கு முன் பிறந்த சிப்களை மட்டுமே தெரியும். பத்து வயது மடிக்கணினியில் விண்டோஸ் 10 போட்டால் கேபிள் பெரும்பாலும் கைகொடுக்கும். அதே கணினியில் 2009-இல் வந்த விண்டோஸ் 7-ஐப் போட்டால், லேன் சிப்பையே அது அந்நியனைப் போலப் பார்க்கக்கூடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்பதால், பழைய ஸ்கேனர் போன்ற கட்டாயம் ஏதும் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கைப்பேசிதான் என் முதல் தேர்வு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், விண்டோஸ் 7 முதல் வந்த பதிப்புகள் அதை ஒரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். பலர் கவனிக்காத வசதி ஒன்று: கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால், அந்த இணைப்பையே கணினிக்குக் கடத்தும், மொபைல் டேட்டா கரையாது. ஐஃபோனில் இது அத்தனை சுலபம் இல்லை. அதற்கு ஆப்பிளின் டிரைவர் வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், மறுபடி கல்யாணக் கதைதான். இன்னொரு குறை, கைப்பேசி வழியாக வரும் கணினி வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே நிற்கும். பிரின்டரையோ பகிர்ந்த கோப்புறையையோ பெரும்பாலும் அது காணாது. ஆகவே டெதரிங் என்பது டிரைவரை இறக்கும்வரை பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல், அவ்வளவே.

வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவது பழைய வழி, மெதுவான வழி. ஆனால் எந்தக் கார்டு என்று அடையாளம் தெரிந்தால் இதைவிட நிரந்தரமானது வேறில்லை. ஒரே மாடல் மடிக்கணினியில் இரண்டு மூன்று நிறுவனங்களின் வைஃபை கார்டுகள் மாறி மாறி வந்திருக்கும். தயாரிப்பாளரின் பக்கத்தில் எல்லா டிரைவர்களும் வரிசையாக நிற்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த மஞ்சள் குறியைத் திறந்து, ‘ஹார்டுவேர் ஐடி’ வரியைப் பாருங்கள். அதில் தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் இன்டெல்; 1978-இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அடுத்து வரும் சாதன எண்ணையும் சேர்த்துத் தேடினால் சரியான கோப்பு கிடைக்கும். எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில் என்று அழைக்கும் தளங்களை நான் தொடுவதில்லை.

இங்கே எனக்கு நேர்ந்தது: பென்டிரைவைச் செருகினேன், சலனமே இல்லை. பென்டிரைவ் போய்விட்டது என்று நினைத்தேன். நான் செருகியது நீல நிறத் துளை, அதாவது யுஎஸ்பி 3. விண்டோஸ் 7-க்குள் அதற்கான டிரைவர் கிடையாது. 8-இல்தான் அது உள்ளேயே வந்தது. எதிர்ப்பக்கத்துக் கறுப்புத் துளைக்கு மாற்றியதும் கோப்புகள் தெரிந்தன.

டாங்கிள், அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவி, வாங்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதல்ல. கார்டே பழுதாகியிருந்தாலோ, 5 கிகாஹெர்ட்ஸ் தேவைப்பட்டாலோ அதுதான் வழி. ஆனால் டாங்கிளுக்கும் டிரைவர் வேண்டும். அது சின்னஞ்சிறு குறுந்தகட்டில் வரும், தகட்டைப் போட உங்களிடம் டிரைவ் இருக்காது. யுஎஸ்பி 2 துளையின் ஏட்டளவு உச்சமே நொடிக்கு 480 மெகாபிட்தான் என்பதால், விலை உயர்ந்த அதிவேக டாங்கிள் அதில் முடங்கிக் கிடக்கும்.

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸை நான் முதலில் மருத்துவராகத்தான் அழைப்பேன். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அதில் வைஃபை வந்தால் கார்டு நலம், குறை விண்டோஸ் டிரைவரில்தான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு முதல், சிப்களுக்குள் ஓடும் மென்பொருளான ஃபெர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்பட்டது பெரிய நிம்மதி. பிராட்காம் நிறுவனத்தின் சில கார்டுகள் மட்டும் அங்கும் அடம்பிடிக்கும்.

இணையம் வந்த பிறகும் வீட்டிலுள்ள பழைய நெட்வொர்க் டிஸ்க் தெரியாமல் போகலாம். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை சேர்க்கப்படுவதில்லை. அதைத் திரும்ப இயக்குவது எளிது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீய மென்பொருள் புகுந்து பரவியது அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான். டிஸ்க்கின் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்எம்பி2-க்குக் கொண்டுவர முடியுமா என்று முதலில் பார்ப்பேன். முடியாவிட்டால் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றுவேன்.

இத்தனையும் முடிந்து, வைஃபையும் சேர்ந்து, உலாவியைத் திறந்தால் ஒரு தளமும் திறக்கவில்லை. ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. மறுபடி டிரைவரை நீக்கி நிறுவினேன். பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தேன்: 2010 ஜனவரி 1. கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. அந்தத் தேதியில் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை.