எட்டு ஆண்டுகளாகச் சோளக்கட்டை பைப்

என்னிடம் புகையிலை புகைக்கும் இரண்டு பிரையர் மரப் பைப்புகள் உறையோடு அலமாரியில் கிடக்கின்றன. எட்டு ஆண்டுகளாக மாலையில் கைக்கு வருவது மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையில் செய்த பைப்தான். புகையிலை எதில் புகைத்தாலும் கேடுதான், அது வேறு பேச்சு.

பிரையரைக் குறை சொல்ல மாட்டேன். மத்திய தரைக்கடல் ஓரத்துப் புதர் ஒன்றின் அடியில் திரளும் முடிச்சைத் தோண்டி, மணிக்கணக்கில் வேகவைத்து, உலர்த்திக் கடைகிறார்கள். மரத்தின் வரிகள் அத்தனை அழகு. ஆனால் புதிதாக வாங்கினால் அதைப் பழக்க வேண்டும். புகையிலை போடும் கிண்ணத்தில் பாதி மட்டும் நிரப்பி, மெதுவாக இழுத்து, உட்சுவரில் கரி படியும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவசரத்தில் உட்சுவர் ஒரு பக்கம் கருகிப் பள்ளமானது. கொடுத்த விலையை நினைத்து ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

சோளக்கட்டையில் முதல் நாளே முழுக் கிண்ணம் நிரப்பலாம். தொடக்கத்தில் வறுத்த சோளத்தின் வாசனை லேசாகக் கலந்து வரும். எனக்கு அது பிடிக்கும். கட்டை ஈரத்தை உறிஞ்சுவதால் அடியில் களகளவென்ற சத்தமும் குறைவு. லட்டாக்கியா என்ற, புகைமூட்டிப் பதப்படுத்தும் புகையிலையின் வாடை ஏறினால் எளிதில் போகாது. அதற்கென்றே தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். சோளக்கட்டை மலிவு என்பதால் அது கட்டுப்படியாகும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில், 1869-இல் ஹென்றி டிபி என்ற டச்சுக் கடைசல்காரர் தொடங்கிய தொழில் இது. கட்டையின் வெளிப்புறத்தில் பிளாஸ்டர் பூசிக் கெட்டியாக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் மக்ஆர்தர் வாயில் இருந்ததும் சோளக்கட்டைதான். நினைத்திருந்தால் அவருக்கு எந்தப் பைப்பும் கிடைத்திருக்கும்.

குறைகளும் உண்டு. மரத்தண்டின் முனை கிண்ணத்துக்குள் துருத்தி நிற்கும். கடைசித் துகள்வரை இழுத்தால் அது தீய்ந்து நாக்கில் கசப்பு ஏறும். அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நான் தட்டிவிடுவேன். பிளாஸ்டிக் வாய்க்குழலில் பல் பதிந்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கட்டை ஊறிக் கெடும்.

போன மாதம் ஒன்றின் அடி ஓட்டையானது. வாய்க்குழலைக் கழற்றிப் புதியதில் செருகினேன்; கச்சிதமாகப் பொருந்தியது. அலமாரியில் இருப்பவற்றை எப்போது விற்கப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.