ஒற்றை சுவிட்ச் லூப்பர்: ரிப்பேருக்குப் பிறகு எழுதுவது

வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் என் கிடார் பெடல், அதாவது லூப்பர், ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது. அதே வாரத்தில், ஜாஸ் கிடார் பழக ஆரம்பித்திருக்கும் நண்பர் ஒருவர் "இந்த மாதிரி ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். போனில் பேசினால் திட்டு மட்டும்தான் வரும் என்பதால் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு கால் சுவிட்ச், ஒரு வால்யூம் குமிழ், அவ்வளவுதான் என்று வரும் சின்ன லூப்பர்கள் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும்.

பதிவைத் தொடங்க ஒரு மிதி, முடித்து ஓடவிட ஒரு மிதி, அதன் மேல் இன்னொன்றைப் பதிய ஒரு மிதி. நிறுத்தத்தான் சட்சட்டென்று இரண்டு மிதி. இந்த இரட்டை மிதிதான் என் தீராத தகராறு. முதல் மிதிக்குப் பெட்டி நிற்காது, இரண்டாவது வருகிறதா என்று காத்திருக்கும். 12 பார் ப்ளூஸின் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) கடைசி பாரில் டர்ன்அரவுண்ட் (சுற்றை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவரும் வரி) வாசித்து, அடுத்த ஒன்றாம் தட்டில் ஒரே கார்டோடு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) முடிக்கலாம் என்று காலை வைத்தால், லூப்பில் இருக்கும் முதல் கார்டின் ஒரு துண்டு துருத்திக்கொண்டு வெளியே வந்து, பிறகுதான் அடங்குகிறது. ஒரே சின்ன மெட்டுத் துண்டு (ரிஃப்) ஓடிக்கொண்டிருக்கும் இசையில் இது ஒரு விஷயமே இல்லை. ஜாஸில் 12 பார், 32 பார் என்று வடிவம் இருக்கிறது, அது முடிகிற இடமும் இருக்கிறது. அந்த இடத்தில் பிசிறடித்தால் சுற்று முழுக்க வாசித்தது வீண்.

வழி இல்லாமல் இல்லை. நாலாம் தட்டின் பின்பாதியில் ஒரு மிதி, ஒன்றாம் தட்டில் இன்னொரு மிதி என்று பழகிக்கொண்டேன். நடுத்தர வேகத்தில் அழகாக நிற்கும். மெதுவான பாலடில் அந்த இரண்டுக்கும் இடைவெளி நீண்டுவிடுவதால், பெட்டி அதை இரட்டை மிதியாகவே எடுத்துக்கொள்ளாது. நிற்பதற்குப் பதில் மேல்பதிவுக்குள் போய்விடும். வெளியிலிருந்து இன்னொரு சுவிட்ச் மாட்டலாம் என்றால், அதற்கு ஒரு ஜாக் வைக்கவில்லை. ஒரு துளை, ஒரு ஜாக். அதைக்கூடச் செய்யாமல் விட்டதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரிப்பேருக்குப் போனதும் இதே சுவிட்ச்சால்தான். உள்ளே தொடுமுனை தேய்ந்து, ஒரு மிதி இரண்டாகப் பதிவாக ஆரம்பித்தது. சோலோவுக்கு நடுவில் பின்னணி பொட்டென்று நின்றுவிடும். மாற்ற வேண்டிய பாகம் அற்பமானது. ஆனால் அது சர்க்யூட் போர்டிலேயே நேராகப் பற்றவைக்கப்பட்டிருந்ததால், அதைக் கழற்றுவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. இப்போது போட்டிருப்பது மெத்தென்ற சுவிட்ச். வெறுங்காலில் மிதித்தாலும் வலிக்கவில்லை. முதலிலேயே இதைப் போட்டிருக்கலாம்.

1999-ல் வந்த பச்சை நிற லைன் 6 டிஎல்4 பெடலை நினைத்தால் கோபம் இன்னும் ஏறுகிறது. அது வாசித்ததை எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலே பெடல்தான், லூப்பர் அதில் ஒரு கூடுதல் வசதி. ஆனாலும் நான்கு சுவிட்ச் வைத்து, ஓட்டவும் நிறுத்தவும் தனியாக ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பாதி வேகத்துக்கும் தலைகீழாக ஓட்டுவதற்கும் இன்னொன்று. வேகமாக வாசித்ததைப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் ஒரு ஆக்டேவ் கீழே இறங்கிக் கேட்கும், எந்த ஸ்வரம் பிசகியது என்று ஒளிவுமறைவில்லாமல் தெரியும். பில் ஃபிரிஸெல், மேரி ஹால்வர்சன் போன்ற ஜாஸ் கிடார் கலைஞர்கள் அதைப் பயன்படுத்தியதில் ஆச்சரியமில்லை. ஹால்வர்சன் பெரிய கில்ட் ஆர்ச்டாப் (மேற்பலகை வளைந்த) கிடாரை வைத்துக்கொண்டு, அந்த டிலேயைக் காலால் அசைத்து ஸ்வரத்தை வழுக்கவிடுவது தனி அழகு. டிஎல்4-ன் குறை பதிவு நேரம்: 14 விநாடிதான். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் 12 பார் ப்ளூஸுக்கு 24 விநாடி வேண்டும். ஏறக்குறைய 206-ஐத் தாண்டினால்தான் ஒரு சுற்று அதில் அடங்கும். என் சின்னப் பெட்டியில் 32 பார் வடிவத்தைப் பல சுற்று நிதானமாகப் பதியலாம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். என் சாதகத்தை மாற்றியது இந்தப் பெட்டிதான்.

பதிவு முடிகிற மிதி ஒன்றாம் தட்டில் மிகச் சரியாக விழ வேண்டும். மயிரிழை முந்தினாலும் கடைசி பார் குறுகிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் நொண்டும். மெட்ரோனோமோடு வாசிக்கும்போது சறுக்கினால் அடுத்த பாரில் சேர்ந்துகொள்ளலாம், இங்கே அந்தச் சலுகை கிடையாது. மெட்ரோனோமை இரண்டாம், நாலாம் தட்டில் மட்டும் அடிக்கவிட்டு, அதன் மேல் லூப் போட்டுப் பழகினேன். காலப்பிரமாணம் என்பது கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் வர வேண்டியது என்று உடம்புக்கே புரிந்தது.

அடுத்தது கம்பிங், அதாவது சோலோவுக்குப் பின்னணியாகக் கார்டு வாசிப்பது. ஆறு கம்பியையும் நிரப்பிய கார்டுகளை லூப்பில் போட்டால் சோலோவுக்கு மூச்சுவிட இடமிருக்காது. மூன்று ஸ்வரம் போதும். ஜி7 என்ற கார்டுக்கு ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், நான்காம் கம்பியில் மூன்று, மூன்றாம் கம்பியில் நான்கு. சி7-க்குப் போக, அடி ஸ்வரம் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு மாறும், மேலே இருக்கும் இரண்டு விரலும் ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கும், அவ்வளவுதான். இதைச் சுற்றவிட்டு மேலே வாசித்தால், காலியாக விட்ட இடமெல்லாம் சோலோவுக்குப் பயன்படுவதை நேராகக் கேட்கலாம். எந்தப் பாடத்தையும்விட இது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஜாஸ் கிடார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் 2022-ல் ஈ.சி.எம். இசை நிறுவனம் வழியாக வெளியிட்ட தனி கிடார் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். தானே போட்ட லூப்பின் மேல் தானே வாசிக்கிறார். பின்னணி எவ்வளவு குறைவு, எவ்வளவு உயிரோட்டம்! லூப்பர் பயிற்சிக்கு மட்டும்தான் என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். லூப்பரை டிஸ்டார்ஷனுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) பின்னால், வரிசையின் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால், சோலோவுக்கு டிஸ்டார்ஷனை மிதித்ததும் பின்னணிக் கார்டுகளும் சேர்ந்து கரகரக்கும். கடைசியில் இருந்தால் பின்னணி பதிவானபடியே சுத்தமாக ஓடும், சோலோ மட்டும் முறுக்கேறும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று நண்பர் கேட்பார். ஆமாம், இரண்டுதான். நேற்று ராத்திரி ஒரு பாலடை முடிக்கும்போது அந்தத் துண்டு மறுபடியும் துருத்திக்கொண்டு வந்தது. லூப்பர் கட்டாயம் வாங்குங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் நிறுத்துவதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறதா, இல்லாவிட்டால் வெளி சுவிட்ச் மாட்ட ஜாக்காவது இருக்கிறதா என்று பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.