மேசையில் கிடந்த பார்சலா, ஃபிரிட்ஜில் வைத்த பார்சலா: சூடாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

கடையில் வாங்கிய சாப்பாடு மிஞ்சினால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. மேசைமேலேயே மூடி வைத்துக் காலையில் ஆவி பறக்கச் சூடாக்கினால் போதும் என்பது அம்மாவின் கட்சி. வந்த சற்று நேரத்திலேயே பிரித்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்துச் சூடாக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. இருபது ஆண்டுகளாக அம்மாவின் பக்கம் இருந்த நான் சென்ற ஜூன் மாதத்தில் கட்சி மாறிவிட்டேன். ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு வாங்கிய மட்டன் பிரியாணியில் இரண்டு பார்சல்கள் மிஞ்சின. ஃபிரிட்ஜில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மேசையில் கிடந்ததைக் காலை எட்டு மணிக்கு வாணலியில் தண்ணீர் தெளித்து நன்றாகச் சூடாக்கி நான் சாப்பிட்டேன். பதினொரு மணிக்குள் நான்கு முறை வாந்தி எடுத்தேன். ஃபிரிட்ஜில் இருந்ததை மதியம் சூடாக்கிச் சாப்பிட்ட மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே அண்டாச் சோறு என்பதால் கடைமேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து எதையும் நிறுவிவிடவும் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ருசி, வசதி ஆகியவற்றில் மேசைதான் முந்தும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போகும், நெய் உறைந்து வெள்ளையாகப் படியும். அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. “கொதிக்க வச்சா எந்தக் கிருமிடா நிக்கும்?” என்று அம்மா கேட்பது நியாயமான கேள்விதான்; பெரும்பாலான கிருமிகள் நிற்பதில்லை. ஆனால் கிருமி சாவதும் அது கக்கிவிட்டுப் போன நஞ்சு அழிவதும் ஒன்றல்ல. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் தப்பிப் பிழைக்கின்றன. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற வாந்தி நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடுகின்றன. இந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது என்னும்போது, வாணலியில் ஐந்து நிமிடம் கிளறுவதற்கு அது அசைந்து கொடுக்குமா? சமைத்தவர், பரிமாறியவர் கைகளிலிருந்து உணவில் சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சும் கொதிநிலையைத் தாங்கக்கூடியதே. 1971 முதல் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸைச் சாப்பிட்டுப் பலர் வாந்தி எடுத்ததற்கும், முன்கூட்டியே வேகவைத்துச் சமையலறைச் சூட்டில் போட்டிருந்த சோற்றை மறுபடி வறுத்துக் கொடுத்ததுதான் காரணம். சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்குவது இந்த நஞ்சின் அடையாளம். என் கணக்கு மூன்று மணி நேரம்.

ஆக, கேள்வி அடுப்பைப் பற்றியதே அல்ல. அடுப்புக்கு முந்தைய நேரத்தைப் பற்றியது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே எல்லை என்பது பொதுவான விதி. கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 2023 ஜனவரியில், தயாரித்த நேரத்தையும் உண்டு முடிக்க வேண்டிய நேரத்தையும் குறித்த சீட்டில்லாமல் பார்சல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டதும் இந்த நேரக் கணக்கை மனத்தில் வைத்துத்தான். பார்சலோ சூட்டைக் காப்பதற்கென்றே கட்டப்படுவது. இலையும் காகிதமும் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட பொட்டலத்தை இரவு பதினொன்றரைக்குப் பிரித்துப் பாருங்கள். மேலே ஆறியிருக்கும், நடுவில் விரலை விட்டால் இன்னும் கதகதப்பாக இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது.

அம்மாவின் கட்சிக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். கறிக்குழம்பு, சால்னா போன்றவற்றில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குள் போனால்தான் தொல்லை தருகிறது. அங்கே நன்றாகக் கொதிக்க வைப்பது உண்மையிலேயே காப்பாற்றுகிறது. புளிக்குழம்பு புளிப்பாலேயே தாக்குப்பிடிக்கிறது. பழைய சோறு இரவெல்லாம் வெளியேதானே இருக்கிறது என்று கேட்பவர்கள், அதில் ஊற்றிய தண்ணீர் புளித்து மற்றக் கிருமிகளை அடக்குவதை மறந்துவிடுகிறார்கள். எண்ணெயும் கறியும் கலந்த பிரியாணிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். பொட்டலத்தை அப்படியே உள்ளே திணித்தால் நடுவில் சூடு குறைய நேரமாகும். அகலமான பாத்திரத்தில் பரப்பி, கொஞ்சம் ஆறியதும் மூடி வைக்க வேண்டும். மின்வெட்டின்போது கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். சோறாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள், ஒரே ஒரு முறை, நடுப்பகுதி 75 டிகிரியைத் தொடும்வரை சூடாக்கித் தீர்த்துவிட வேண்டும். நான் இட்லிப் பானையில் ஆவி கட்டுகிறேன். சோறு உதிரியாகவே வருகிறது. மைக்ரோவேவ் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, ஆகவே அதைப் பற்றி அழுத்தமாகப் பேச எனக்குத் தகுதி போதாது. ஓரம் கொதித்து நடு சில்லென்று இருப்பதை இரண்டு முறை பார்த்தபின் பாதியில் எடுத்துக் கிளறாமல் விடுவதில்லை.

ஷவர்மாவோடு வரும் மயோனைஸ் மட்டும் இந்த இரண்டு கட்சியிலும் சேராது. பச்சை முட்டையில் செய்ததைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. சூடாக்கினால் திரிந்துபோகும் பொருள் அது என்பதால், மிஞ்சியதை அன்றிரவே குப்பையில் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் மனைவியும் ஒரே கட்சி.