நிறங்களின் வழியே குஜராத்தி: அகமதாபாத் பேச்சு வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

வேலை மாறி அகமதாபாத்துக்கு வரும் வெளிமாநிலத்தாருக்காக மணிநகர்ப் பகுதியில் நடத்தப்படும் குஜராத்திப் பேச்சு வகுப்பில், நிறங்களுக்கென்றே நான்கு அமர்வுகளை ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று அமர்வுகள் வகுப்பறையில் நடக்கின்றன. நான்காவது, தீன் தர்வாஜாவுக்கு அருகிலுள்ள தால்கர்வாட் துணிச்சந்தையில் நடக்கிறது. அடிப்படைப் பேச்சு வகுப்பில் நிறப்பெயர்களுக்கு இவ்வளவு நேரம் தேவையா என்று சேருவதற்கு முன் யாருக்கும் தோன்றும். காய்கறி வாங்குவதிலிருந்து கல்யாணத்துக்குப் போவது, துக்கம் விசாரிப்பது வரை நிறத்தைச் சொல்லாமல் காரியம் நடக்காத ஊரில் அந்த நேரம் வீணல்ல என்பதே என் கருத்து. ஆனால் நான்கு அமர்வுகளும் ஒரே தரத்தில் இல்லை.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் தரும் அச்சுக் கையேடு ஆங்கில எழுத்தில் இருக்கிறது. கறுப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்றின் பெயர்களையும் அதில் ஒரே 'ல' ஒலி கொண்டவைபோல அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையில் கறுப்பைக் குறிக்கும் 'காளோ', மஞ்சளைக் குறிக்கும் 'பீளோ' இரண்டிலும் வருவது நம்முடைய ளகரம். பச்சையைக் குறிக்கும் 'லீலோ'வில் மட்டுமே லகரம். வெள்ளையைச் சொல்லும் 'தோளோ', வான நீலத்தைச் சொல்லும் 'வாதளி' ஆகியவற்றிலும் ளகரம்தான். இந்தி மட்டும் தெரிந்து வந்தவர்கள் இந்த ஒலிக்காக வாரக்கணக்கில் திணறும்போது, தமிழர் காதில் கேட்டதுமே பிடித்துக்கொள்ளலாம். கையேட்டைப் பார்த்துப் படித்தால் அந்த அனுகூலம் அத்தோடு போய்விடும். ஆகவே தமிழ் வாசகர்கள் இந்தக் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆசிரியையின் வாயைக் கவனித்துத் தமிழிலேயே குறிப்பெடுத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியை மிகத் தேர்ந்தவர். அவர் எங்களைப் பெயரோடு 'பாய்' (சகோதரர்), 'பேன்' (சகோதரி) சேர்த்து அழைக்கிறார். நாங்களும் அவரை 'பேன்' என்றே அழைக்கிறோம். முதல் அமர்வில் அவர் இலக்கணத்தைக் கையாண்ட விதம் பாராட்டுக்குரியது. குஜராத்தியில் ஆண்பால், பெண்பால், நபும்சகப்பால் என மூன்று பால்கள் உண்டு. ஓகாரத்தில் முடியும் நிறச்சொற்கள் பெயருக்கு ஏற்ப முடிவை மாற்றிக்கொள்ளும். கறுப்புக் குதிரை 'காளோ கோடோ', கறுப்புப் பசு 'காளீ காய்', கறுப்பு நாய்க்கு மூக்கொலியோடு 'காளும் கூத்ரும்'. ஆனால் லால், சஃபேத், குலாபி, கேசரி போன்றவை எந்தப் பெயரோடு வந்தாலும் அப்படியே நிற்கும். 'கறுப்பு' என்ற ஒரே சொல்லைக் குதிரைக்கும் பசுவுக்கும் மாற்றாமல் சொல்லிப் பழகிய நமக்கு இது ஒரு தொல்லைதான் என்றாலும், விதியை முதலில் சொல்லாமல் பதினைந்து இருபது பொருள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துச் சொல்ல வைத்ததில் அது தானாகவே நாக்கில் படிந்தது.

இந்தி தெரிந்தவர்களுக்கு அவர் ஒரு எச்சரிக்கையும் தந்தார். இந்தியில் 'பூரா' என்றால் பழுப்பு. குஜராத்திப் பேச்சில் 'பூரோ' என்றால் நீலம். பழுப்பு வேண்டுமானால் 'கத்தயி' என்று கேட்க வேண்டும். வெற்றிலையில் தடவும் காசுக்கட்டியான 'காத்தோ'விலிருந்து வந்த பெயர் அது. துணிக்கடையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சட்டையே மாறிவிடும்.

இரண்டாவது அமர்வு முழு வகுப்பிலும் சிறந்தது. தமிழில் பச்சைப்பசேல், செக்கச்செவேல், கன்னங்கரேல் என்று நாம் சொல்வதைப்போல, குஜராத்தியில் 'லீலுஞ்சம்', 'லால்சட்டக்', 'காளுமேஷ்' என்று நிறத்தை அழுத்திச் சொல்லும் வடிவங்கள் உண்டு. 'மேஷ்' என்பது கண்ணுக்கிடும் மை. இவற்றைப் பட்டியலாக எழுதிப் போடாமல், மழைக்குப் பிந்தைய வயல், திருமணக் குங்குமம், அடுப்புக்கரி படிந்த பாத்திரம் ஆகியவற்றின் படங்களைக் காட்டி, பார்த்தவுடன் வாயில் வருவதைச் சொல்லச் சொன்னார்.

பச்சைக்கு மட்டும் அவர் பாதி அமர்வைச் செலவிட்டது என் பார்வையில் மிகச் சரி. 'லீலோ' என்பது நிறம் மட்டுமல்ல; பசுமை, ஈரம், புதிது எல்லாமும் அதுவே. சந்தையில் 'லீலி சா' என்று கேட்டால் கிடைப்பது தேநீரில் போடும் எலுமிச்சைப் புல். மழை பொய்த்து வரும் பஞ்சத்துக்கு எதிராக, மழை அளவுக்கு மீறிப் பெய்து பயிர் அழுகுவதால் வரும் பஞ்சத்தை 'லீலோ துஷ்காள்' என்கிறார்கள். செய்தித்தாளில் இந்தத் தொடரைக் காணும் வெளியூர்க்காரர் இது ஏதோ நல்ல செய்தி என்று எண்ணிவிட இடமுண்டு. கார்த்திக மாத வளர்பிறை ஏகாதசியிலிருந்து பௌர்ணமி வரை ஜூனாகத் கிர்நார் மலையைச் சுற்றிக் காட்டு வழியாக ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நடக்கும் வலத்துக்கு 'லீலி பரிக்ரமா' என்று பெயர். பச்சைமிளகாய், பச்சைப்பிள்ளை, பச்சைத்தண்ணீர் என்று பேசும் தமிழருக்கு இந்தப் பகுதி விளக்கமின்றியே புரிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது மூன்றாவது அமர்வு. 'நிறங்களின் பண்பாட்டுப் பொருள்' என்ற தலைப்பில் ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டார்கள்: சிவப்பு மங்கலம், மஞ்சள் திருமணம், வெள்ளை துக்கம், கறுப்பு அமங்கலம். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதியான அட்டவணைதான். ஊருக்குள் போனால் பாதி செல்லாது. சிவப்பைப் பற்றிச் சொன்னது சரி. திருமண அழைப்பிதழுக்குப் பெயரே குங்குமத்திலிருந்து வந்த 'கங்கோத்ரி'. தீபாவளியன்று வணிகர்கள் பூசையில் வைக்கும் புதுக் கணக்குப் புத்தகங்களும் வழக்கமாகச் சிவப்பு உறையிட்டவை. மணப்பெண்ணுக்குப் பூசும் 'பீட்டி' மஞ்சளும், மகளைக் கட்டிக்கொடுப்பதை 'கைகளை மஞ்சளாக்குதல்' என்று சொல்லும் வழக்கும் பொருத்தமான எடுத்துக்காட்டுகளே. ஆனால் 'பேஸ்ணும்' எனப்படும் துக்க விசாரிப்புக்கு வெள்ளை உடுத்திச் செல்லும் அதே மக்கள், மணப்பெண்ணுக்கும் சிவப்புக் கரையிட்ட வெள்ளைப் பட்டான 'பானேதர்' உடுத்துகிறார்கள் என்பதை அட்டவணை மறந்துவிட்டது. கறுப்பும் அப்படியே. அது அமங்கலம் என்றால், கச்சுப் பகுதியில் கால்நடை மேய்க்கும் ரபாரிச் சமூகப் பெண்கள் கறுப்புக் கம்பளியாலான மேலாடையை அன்றாட உடையாக அணிவது ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, பதில் நேரமின்மையில் கரைந்துபோனது. நவராத்திரியின் ஒன்பது நிறங்களைத் தொன்மையான மரபென்று அட்டவணையின் கடைசி வரி சொல்கிறது. செய்தித்தாள்களும் துணிக்கடைகளும் பரப்பிய அண்மைக்காலப் பழக்கம் அது. திங்கள் என்றால் வெள்ளை, செவ்வாய் என்றால் சிவப்பு என்று கிழமையை ஒட்டி அமைவதால், ஆண்டுதோறும் வரிசை மாறும். இந்த அமர்வை மாற்றி எழுதியே ஆகவேண்டும்.

மாற்றி எழுதத் தேவையான சரக்கு நான்காவது அமர்விலேயே இருக்கிறது. தால்கர்வாட்டில் ஒரு கடைக்காரர், நூலால் முடிச்சிட்டுச் சாயமேற்றி, முடிச்சு இன்னும் அவிழ்க்காத பந்தனித் துப்பட்டா ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஆசிரியையிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து இழுத்தார். படபடவென்று நூல்கள் தெறித்து, சுருங்கிக் கிடந்த துணி விரிந்து, சிவப்புத் தளத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வெளிப்பட்டன. வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் கட்டி, மஞ்சளில் முக்கி, மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தைக் கட்டிய பிறகே சிவப்பில் முக்குவார்கள் என்பதால், அங்கே நிறங்களைச் சாயம் ஏறிய வரிசையிலேயே சொல்லிப் பழகினோம்: தோளோ, பீளோ, லால். மதுரைச் சுங்குடியை அறிந்தவர்களுக்கு இந்தப் புள்ளிகள் அந்நியமாகத் தோன்றா. அதை அங்கே கட்டி வளர்த்த சௌராஷ்டிரர்களின் பூர்வீகம் இந்தப் பக்கம்தானே.

அடுத்து பானேதரும் 'கர்ச்சோளு'வும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கப்பட்டன. முன்னது பெண்ணின் தாய்மாமன் தருவது. பின்னது மாமியார் வீட்டார் தரும், சரிகைக் கட்டங்களுக்குள் பந்தனிப் புள்ளி வைத்த சிவப்புத் துணி. கட்டங்கள் பன்னிரண்டானால் 'பார் பாக்', ஐம்பத்திரண்டானால் 'பாவன் பாக்'. வெள்ளை உடுத்தி மணையில் அமரும் பெண், சிவப்பைப் போர்த்திக்கொண்டு புகுந்த வீடு போகிறாள் என்று கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம் மூன்றாவது அமர்வு முழுவதையும்விடப் பயனுள்ளது. கிளிப்பச்சைக்கு 'போப்டி', மயில்தோகை நிறத்துக்கு 'மோர்பிஞ்ச்', நாவற்பழ நிறத்துக்கு 'ஜாம்பலி', மூக்குப்பொடி நிறத்துக்கு 'தப்கீரியோ' என்று கையேட்டில் இல்லாத பெயர்களும் இங்கேதான் கிடைத்தன. பாடண் நகரில் நெய்யும் பட்டோளாப் பட்டுக்கு வந்தபோது, கிழிந்தாலும் அதன் சித்திரம் அழியாது என்னும் பழமொழியைக் கடைக்காரரே தொடங்க, ஆசிரியை முடித்தார்.

சந்தை அமர்விலும் குறை இல்லாமலில்லை. அந்தச் சந்து குறுகலானது. பத்துப் பேருக்கு மேல் ஒரே கடை வாசலில் நின்றால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது, கேட்காது. வெளியூர் முகங்களைக் கண்டதும் பல கடைக்காரர்கள் இந்திக்குத் தாவிவிடுகிறார்கள்; குஜராத்தியிலேயே பேசும்படி முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய பொறுப்பு வகுப்பு நடத்துபவர்களுடையது. மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கட்டணம் ஒரு நடுத்தரப் பந்தனிப் புடவையின் விலைக்குள் அடங்கிவிடுவதால், அதைக் குறை சொல்வதற்கில்லை. குஜராத்தில் சில ஆண்டுகளாவது வசிக்கப் போகிறவர்கள், துணி வணிகத்தில் இருப்பவர்கள், குஜராத்திக் குடும்பத்தில் சம்பந்தம் செய்பவர்கள் தயங்காமல் சேரலாம். அவசரத்துக்கு நாலு சொல் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு முதல் அமர்வே போதும். தனி அமர்வுக்கும் கட்டணம் செலுத்திச் சேர அனுமதிக்கிறார்கள். எல்லாவற்றிலும் சேர முடியாதவர்கள் இரண்டாவதையும் நான்காவதையும் தேர்ந்தெடுப்பது நல்லது. சந்தைக்குப் போகும் நாளில் காலையிலேயே அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். கடைகளில் கூட்டம் சேர்ந்த பிறகு, யாருக்காகவும் ஒரு பானேதரை முழுதாக விரித்துக் காட்ட அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.