விளிம்பு பிரிந்த வயலினுக்கு சூப்பர் குளூ: ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

ஏ தந்தியில் முதல் விரல் வைத்தால் மட்டும் 'ஜிர்ர்' என்று ஓர் அதிர்வு. மற்ற சுரங்கள் சுத்தம். விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்ததில், சின் ரெஸ்ட்டுக்குப் (தாடையை வைக்கும் தாங்கி) பக்கத்தில் மட்டும் 'டொக்' என்ற சத்தம் உடைந்து சடசடத்தது. மேல்பலகை பக்கப் பலகையிலிருந்து 4 செ.மீ. நீளத்துக்குப் பிரிந்திருந்தது. வயலின் பழுதுகளில் இதுதான் மிக எளிது. சூடான வஜ்ஜிரப் பசையை (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) மெல்லிய தகட்டால் இடுக்கில் செலுத்தி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டால் போதும். கடையில் கொடுத்தது அந்த ஒரு வேலைக்குத்தான்.

திரும்பி வந்தபோது பில்லில் மூன்று வேலை இருந்தது: விளிம்பு ஒட்டியது, பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) சரிசெய்தது, புது சவுண்ட் போஸ்ட் (உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே நிற்கும் மரக்குச்சி). கடைசி இரண்டையும் யாரும் கேட்கவில்லை. முதல் இரண்டும் வயலினைக் கெடுத்தன, மூன்றாவது பொய்.

முதலில் பசை. இடுக்கில் கண்ணாடி போல மின்னும் கோடு, அதன் ஓரத்தில் வார்னிஷ் வெளுத்து ஒரு திட்டு. சூப்பர் குளூதான். வஜ்ஜிரம் பழைய காலத்துப் பசை என்பதற்காக வயலினில் போடப்படுவதில்லை. ஈரமும் சூடும் பட்டால் அது இளகும், மெல்லிய கத்தி விட்டால் பிரியும், மறுபடி ஒட்டினால் பழைய வஜ்ஜிரத்தோடே பிடிக்கும். காற்று வறண்டு மேல்பலகை சுருங்கும்போது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது அந்த இணைப்புதான். அது விட்டுக்கொடுக்காவிட்டால் பலகையே விரியும். சூப்பர் குளூ மர இழைக்குள் ஊறி இறுகிவிடும். நாளைக்கு உள்வேலைக்காக மேல்பலகையைத் திறக்க நேர்ந்தால், அந்த இடத்தில் பசை பிரியாது, மரம்தான் பிய்ந்து வரும். எபாக்சியும் இப்படித்தான். வெள்ளை மரப்பசை இந்த அளவுக்குக் கடுமை இல்லை என்றாலும், அது ஊறிய மரத்தில் பிறகு வஜ்ஜிரம் பிடிக்காது.

அடுத்தது பிரிட்ஜ். ஃபிங்கர்போர்டு (தந்திக்கு அடியில் விரல் அழுத்தும் பலகை) முடியும் இடத்தில், அதற்கும் தந்திக்கும் இடையே ஜி பக்கம் சுமார் 5.5 மி.மீ., ஈ பக்கம் 3.5 மி.மீ. இருப்பது வழக்கம். போகும்போது இந்த அளவுதான் இருந்தது. வரும்போது ஜி பக்கம் 4, ஈ பக்கம் 2. 'ஜிர்ர்' போக வேண்டும் என்று பிரிட்ஜின் தலையைச் சீவியிருக்கிறார்கள். விளிம்பு பிரிந்ததால் வந்த சத்தத்துக்கும் பிரிட்ஜ் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இப்போது ஜி தந்தியை அழுத்தி வாசித்தால் அது ஃபிங்கர்போர்டில் அடித்துப் புதிதாக ஒரு சடசடப்பு. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, புது பிரிட்ஜ்தான் போட வேண்டும். அப்படிப் போடும்போது ஒரு மெல்லிய காகிதத்தைப் பிரிட்ஜின் பாதத்துக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. நுழைந்தால், மேல்பலகையின் வளைவுக்கு ஏற்றபடி பாதத்தை இழைக்காமல், பாக்கெட்டில் வந்ததை அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சவுண்ட் போஸ்ட் விஷயம் அப்பட்டம். பழைய போஸ்ட்டின் நடுவில் பென்சிலால் போட்ட சின்ன அம்புக்குறி இருந்தது. மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக டார்ச் அடித்தால் அதே அம்புக்குறி இன்னமும் தெரிகிறது. போஸ்ட்டை நகர்த்திய தடயம் மட்டும் உண்டு: துளையின் உள்விளிம்பில் கருவி பட்டு வார்னிஷ் உரிந்து, வெள்ளை மரம் தெரிகிறது. போஸ்ட் பசையில்லாமல் நிற்பது. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் விழுந்துவிடலாம். அங்கே அதுதான் நடந்திருக்க வேண்டும். விழுந்ததை நிறுத்திவிட்டுப் புதிது என்று பில் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் விழுந்தால் தந்தியை இறுக்கவே இறுக்காதீர்கள். நான்கு தந்தியின் இழுவையும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல். உள்ளே தாங்குவதற்கு ஆள் இல்லாமல் அந்த அழுத்தம் இறங்கினால் மேல்பலகை விரியலாம்.

இத்தனையையும் கடைக்காரரிடம் வாதாட முடிந்ததற்குக் காரணம், கொடுக்கும் முன் எடுத்த ஒலிப்பதிவு. 'முன்பு நன்றாக இருந்தது' என்று வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். போன் போதும். அறையில் ஒரே இடம், வயலினிலிருந்து 1 மீட்டர், அதே வில், அதே தந்திகள், அதே சுருதி. தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிட்டு, வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்கம் ஓடினால், நீங்கள் காட்ட வேண்டிய 'ஜிர்ர்' சத்தத்தையே அது தின்றுவிடும். நான்கு வெறுந்தந்தியையும் தலா 4 விநாடி முழு வில்லில் இழுத்து, பிறகு ஒவ்வொரு தந்தியிலும் அரைச் சுரம் அரைச் சுரமாக மெதுவாக ஏறுங்கள். கடைசியில் விளிம்பைச் சுற்றித் தட்டுவதையும் பதியுங்கள். நண்பர்களிடம் கருத்துக் கேட்கும்போது வாய்ஸ் நோட்டாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், சுருக்கத்தில் நுண்ணிய சத்தம் போய்விடும். இங்கே முன்-பின் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டபோது, ஜி தந்தியின் புதுச் சடசடப்பைக் கடைக்காரரால் மறுக்க முடியவில்லை. (தந்தி மாற்றி வந்திருந்தால் மட்டும் நாலைந்து நாள் பொறுத்துப் பதியுங்கள், புதுத் தந்தி படிய நேரம் எடுக்கும்.)

கூடவே பிரிட்ஜின் இரு பக்கமும், எஃப் துளை விளிம்புகள், போஸ்ட் நிற்கும் இடம், தந்தி உயரத்துக்குப் பக்கத்தில் வைத்த ஸ்கேல் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பசை என்று கேளுங்கள். 'ஸ்ட்ராங்கான பசை' என்று பதில் வந்தால் வயலினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 'இந்த வேலை மட்டும், வேறு எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், கழற்றிய பாகம் திருப்பித் தர வேண்டும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே சூப்பர் குளூவோடு வயலின் வந்துவிட்டதா? அசிட்டோன் வைத்து வீட்டில் துடைக்காதீர்கள். பசை கரைவதற்குள் சுற்றியுள்ள வார்னிஷ் கரைந்துவிடும். இணைப்பு இப்போதைக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டு, முதலில் பிரிட்ஜை மாற்றுங்கள். எந்த இடத்தில், எத்தனை செ.மீ. நீளத்துக்கு அந்தப் பசை இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு, கத்தியை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.