யுனிசெஃபா, உலக சுகாதார நிறுவனமா: வம்பு வந்தால் எந்த வாசல்?

அக்கா மகனுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேலை தேடி வந்திருக்கிறது. ஒன்று யுனிசெஃப், இன்னொன்று உலக சுகாதார நிறுவனம். "சம்பளம் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான் மாமா, எதுல சேரட்டும்?" என்று ஒத்தக்கடை டீக்கடையில் கேட்டான். ஹைகோர்ட் கிளை இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "எதுல சேர்ந்தாலும், வேலையில வம்பு வந்தா இந்த வாசல் உனக்குக் கிடையாதுடா" என்றேன். வக்கீல் மாமாவிடம் கேட்டால் இப்படித்தான்.

ஆனாலும் சொன்னது உண்மை. ஐ.நா. குடும்பத்து அமைப்புகளை நம் நீதிமன்றங்களுக்கு இழுக்க முடியாதபடி 1947-ஆம் ஆண்டுச் சட்டமே காப்பு கொடுத்திருக்கிறது. ரயில்வேயிலோ தபால் துறையிலோ இருக்கும் மதுரைக்காரருக்கு, ஐம்பது ரூபாய் கட்டணத்தில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே தோற்றால் உயர் நீதிமன்றம், அதற்கும் மேலே டெல்லி. மனுப்போட ஒரு வருடம் அவகாசம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் மன்னிக்கவும் செய்வார்கள். இவனுக்கோ அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் தீர்ப்பாயம்தான் கதி. அது இரண்டு அமைப்புக்கும் ஒன்றல்ல என்பதைத்தான் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் கேட்பதில்லை.

யுனிசெஃப் ஐ.நா. முறைக்குள் வருகிறது. பழைய முறை சுதந்திரமற்றது, உருப்படாதது என்று 2006-இல் ஒரு நிபுணர் குழு சொல்ல, 2009 ஜூலை முதல் தேதியிலிருந்து இரண்டு அடுக்கு வந்தது. கீழே தகராறு தீர்ப்பாயம், நியூயார்க், ஜெனீவா, நைரோபி மூன்று ஊரிலும் முழுநேர நீதிபதிகளோடு. மேலே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். ஆனால் பெரும்பாலான வழக்குகளில் கீழ்த் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன்னாலேயே ஒரு படி உண்டு: 60 நாளுக்குள் நிர்வாகத்திடமே முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க வேண்டும். இந்த 60 நாளைத் தவறவிட்டால் நீதிபதியே நினைத்தாலும் மன்னிக்க முடியாது. பதில் வந்த நாளிலிருந்து, வராவிட்டால் பதிலுக்கான கெடு முடிந்த நாளிலிருந்து, 90 நாளுக்குள் வழக்கு. பதிலுக்காகக் காத்திருந்தே கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்துக்காரர் போவது ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) நிர்வாகத் தீர்ப்பாயம். அதன் வேர் 1927, ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் காலம். உள்ளே மறுஆய்வு, முறையீட்டு வாரியம் எல்லாம் தாண்டி, தலைமை இயக்குநரின் இறுதி முடிவு வந்து 90 நாளுக்குள் அங்கே போகலாம். வாரியம் பரிந்துரைக்க மட்டும்தான் முடியும். தீர்ப்பாயத்தில் கிட்டத்தட்ட எல்லாமே காகிதத்தில் நடக்கும். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது அபூர்வம். மேல்முறையீடு கிடையாது. முன்பு அமைப்புக்கு மட்டும் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கும் உரிமை இருந்தது, ஊழியருக்கு இல்லை. 2012-இல் அந்த நீதிமன்றமே இதென்ன சமத்துவம் என்கிற தொனியில் எழுதியது. 2016-இல் அந்த விதியை எடுத்தார்கள்.

இதுவரை பார்த்தால் யுனிசெஃப் பக்கம்தான் தராசு சாய்கிறது. காசும் வேலையும் கணக்குக்கு வரும்போது அது திரும்புகிறது. ஐ.நா. தீர்ப்பாயம் வேலைநீக்கத்தை ரத்து செய்தாலும், கூடவே ஒரு மாற்றுத் தொகையையும் குறிப்பிட்டாக வேண்டும். திரும்ப எடுக்காமல் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளலாம். தொகையும் பொதுவாக இரண்டு வருட அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டாது. ஜெயித்தாலும் வக்கீல் செலவு வராது. எதிர்த்தரப்பு நடைமுறையை வெளிப்படையாகத் துஷ்பிரயோகம் செய்திருந்தால் ஒழிய. ஐ.எல்.ஓ. பக்கமோ திரும்ப எடுக்கச் சொல்வதா, பணம் கொடுப்பதா என்று முடிவு செய்வது தீர்ப்பாயம்தான். விதியில் உச்சவரம்பு இல்லை, ஜெயித்தவருக்குச் செலவுத் தொகை கொடுப்பது வழக்கம். ஆனால் வக்கீலை நாமே பிடிக்க வேண்டும். ஐ.நா.வில் பணியாளர் சட்ட உதவி அலுவலகம் இலவசம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் சம்பளத்தில் 0.05 சதவீதம் அதற்குப் போகிறது.

"அப்ப எது மாமா?" என்றான் இரண்டாவது டீக்கு. எனக்கு யுனிசெஃப் பக்கம்தான் மனசு. மறுபரிசீலனை நடக்கும்போதே அந்த உத்தரவை நிறுத்தி வைக்கத் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். வேலை போன பிறகு வரும் நஷ்ட ஈட்டைவிட, போகாமல் தடுக்கும் தடை ஆணைக்கு மதிப்பு அதிகம் என்பது என் பல வருட கோர்ட் அனுபவம். மேல்முறையீடு இருப்பது மட்டும் இருமுனைக் கத்தி. தோற்ற நிர்வாகமும் மேலே போகும்.

இதெல்லாம் ஊழியர் என்ற நியமனம் இருந்தால்தான். தற்காலிக ஆலோசகர் ஒப்பந்தம் என்றால் ஐ.நா. தீர்ப்பாயக் கதவும் மூடிவிடும், மிச்சம் நடுவர் தீர்வு மட்டுமே. "எந்தக் கடிதத்துல எப்படிப் போட்டிருக்கான், காட்டு" என்றேன். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.